கழுத்தில் தொங்கிய கட்டை: மொழிக் கல்வியில் தண்டனையும் வலுவூட்டலும்

1. முன்னுரை

மாணவரின் நடத்தையைப் பரிசாலும் தண்டனையாலும் திருத்த முயல்வது நெடுங்காலப் பள்ளி வழக்கம். பாடம் ஒப்பித்தவனுக்குப் பாராட்டும் பிழை செய்தவனுக்குப் பிரம்படியும் பல நாட்டுப் பள்ளிகளுக்குப் பொதுவாக இருந்தன. ஆனால் 18ஆம் நூற்றாண்டு முதல் 20ஆம் நூற்றாண்டு வரை சில நாடுகளில் தண்டனைக்குரியதாகக் கருதப்பட்டது மொழிப் பிழை அன்று, மொழியே ஆகும். வீட்டில் கற்ற மொழியைக் குழந்தை பள்ளியில் பேசுவது குற்றமாயிற்று. அக்குற்றத்திற்கு அடையாளமாக ஒரு மரக்கட்டையோ பலகையோ குழந்தையின் கழுத்தில் தொங்கவிடப்பட்டது.

இவ்வழக்கத்தை மொழி ஒடுக்குமுறையின் சின்னமாகக் காண்பதே பெரும்பான்மை. அது பொருத்தமான பார்வையே. எனினும், இத்தண்டனை தான் கருதிய பயனை எய்தியதா, எய்தவில்லையெனில் அது உண்மையில் எதைக் கற்பித்தது, மொழிகள் கைவிடப்பட்டதற்கு வேறு காரணம் யாது என்னும் வினாக்கள் தனியே ஆராயத் தக்கவை. உளவியலார் வகுத்த வலுவூட்டல் கோட்பாட்டின் துணைகொண்டு இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. விளைவு விதியும் வலுவூட்டல் கோட்பாடும்

அமெரிக்க உளவியலார் எட்வர்டு தார்ன்டைக் பூனைகளைக் கூண்டிலிட்டு நடத்திய ஆய்வுகளை 1898இல் வெளியிட்டார். கூண்டைத் திறக்கும் செயலைப் பூனை தற்செயலாகச் செய்துவிட்டால் அதற்கு விடுதலையும் உணவும் கிடைக்கும். மீண்டும் மீண்டும் அடைக்கப்படும்போது பயனற்ற செயல்கள் குறைந்து, பயன் தந்த செயல் விரைவில் வெளிப்படும். இதிலிருந்து அவர் விளைவு விதியை வகுத்தார். இன்பம் தரும் விளைவு செயலை வலுப்படுத்தும், துன்பம் தரும் விளைவு அதனை நலிவிக்கும் என்பது அவ்விதியின் முதல் வடிவம்.

இவ்விதியின் பிற்பாதியைத் தார்ன்டைக் தாமே திருத்திக்கொண்டார் என்பது மொழிக் கல்வியாளர் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி. அத்திருத்தத்திற்கு அடிப்படையான ஆய்வுகளுள் ஒன்று சொற்பொருள் கற்றல் பற்றியது. அயல்மொழிச் சொல் ஒன்றைக் காட்டி, கொடுக்கப்பட்ட பொருள்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் செய்து, ‘சரி’ என்றோ ‘தவறு’ என்றோ மட்டும் அறிவித்தனர். ‘சரி’ எனப்பட்ட விடைகள் அடுத்த முறை மிகுதியாக வந்தன. ‘தவறு’ எனப்பட்ட விடைகளோ எதிர்பார்த்த அளவு குறையவில்லை. ஆகவே பரிசும் தண்டனையும் ஒன்றற்கொன்று நேர் எதிரான, சம ஆற்றலுடைய கருவிகள் அல்ல என்னும் முடிவுக்கு அவர் 1932இல் வந்தார்.

பி. எஃப். ஸ்கின்னர் இத்துறையின் கலைச்சொற்களைத் திட்டமாக்கினார். ஒரு துலங்கலைத் தொடர்ந்து விரும்பத்தக்கது ஒன்று கிடைத்து அத்துலங்கல் பெருகுமாயின் அது நேர்மறை வலுவூட்டல். வெறுக்கத்தக்கது ஒன்று நீங்கி அதனால் துலங்கல் பெருகுமாயின் அது எதிர்மறை வலுவூட்டல். எதிர்மறை வலுவூட்டலைத் தண்டனை எனக் கொள்வது பரவலான மயக்கம். வலுவூட்டல் இரண்டும் நடத்தையைப் பெருக்குவன, தண்டனை குறைப்பது. இவ்வேறுபாடு பின்வரும் ஆய்வுக்கு இன்றியமையாதது.

1938இல் ஸ்கின்னர் வெளியிட்ட ஆய்வில், நெம்புகோலை அழுத்தி உணவு பெறப் பழகிய எலிகளுக்கு உணவு நிறுத்தப்பட்டது. அவற்றுள் ஒரு குழு, தொடக்கத்தில் சிறிது நேரம் நெம்புகோலைத் தொடுந்தோறும் பாதத்தில் அடி பெற்றது. அடிபட்ட எலிகள் அழுத்துவதை உடனே குறைத்துக்கொண்டன. ஆயினும் அடி நின்றபின் மீண்டும் அழுத்தத் தொடங்கி, அடிபடாத எலிகளின் மொத்த எண்ணிக்கையை எட்டிவிட்டன. தண்டனை நடத்தையை அழிப்பதில்லை, அடக்கி வைக்கிறது என்பது இதனால் பெறப்பட்டது. தண்டனை கடுமையாகவும் உடனடியாகவும் தவறாமலும் அமைந்து, மாற்று வழியும் திறந்திருந்தால் அடக்கம் நீடிக்கக்கூடும் என அஸ்ரின், ஹோல்ஸ் ஆகியோர் 1966இல் எடுத்துக்காட்டினர். எனவே தண்டனைக்கு ஆற்றலே இல்லை என்பது மிகையாகும். மாற்று வழி திறந்திருத்தல் என்னும் நிபந்தனையே இங்கு முதன்மையானது.

ஸ்கின்னர் 1957இல் மொழியையும் இக்கோட்பாட்டுக்குள் கொணர முயன்றார். நோம் சாம்ஸ்கி 1959இல் எழுதிய மதிப்புரை அம்முயற்சியைக் கடுமையாக மறுத்தது. குழந்தை முன்பு கேட்டிராத தொடர்களையும் ஆக்குகிறது. அதனைப் பரிசின் விளைவாக விளக்க இயலாது என்பது மறுப்பின் சாரம். ரோஜர் பிரௌன், கமில் ஹான்லன் ஆகியோர் 1970இல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு அரணாயிற்று. பெற்றோரின் ஒப்புதல் குழந்தையின் கூற்று உண்மையா என்பதைப் பொறுத்து அமைந்ததே தவிர, இலக்கணப்படி அமைந்ததா என்பதைப் பொறுத்து அமையவில்லை என அவர்கள் கண்டனர்.

இவ்விவாதத்திலிருந்து ஒரு வேறுபாட்டை வரையறுத்துக்கொள்ளலாம். மொழியின் அமைப்பு மனத்தில் உருவாவது ஒன்று. உருவான மொழியை எங்கே, யாரிடம், எதற்காகப் பேசுவது எனத் தேர்வது மற்றொன்று. முன்னதைப் பரிசும் தண்டனையும் விளக்கமாட்டா. பின்னது பெரிதும் விளைவுகளைச் சார்ந்தது. மொழித் தண்டனையின் வரலாறு இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியதால் நேர்ந்த பிழையின் வரலாறாகும்.

3. வேல்ஸ் நாட்டுக் கட்டை

பிரிட்டனின் மேற்கிலுள்ள வேல்ஸ் நாட்டில் இவ்வழக்கம் 18ஆம் நூற்றாண்டு முதற்கொண்டு அறியப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டில் பரவலாயிற்று. ‘வெல்ஷ் நாட்’ எனப்பட்ட மரக்கட்டையில் அப்பெயரின் முதலெழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். ‘வெல்ஷ் கூடாது’ என்பது அதன் பொருள். காலையில் முதலாவதாக வெல்ஷ் பேசிய மாணவன் கழுத்தில் அது மாட்டப்படும். அவன், வேறொருவன் வெல்ஷ் பேசக் கேட்டால், கட்டையை அவனுக்கு மாற்றிவிடலாம். பள்ளி முடியும் வேளையில் எவன் கழுத்தில் கட்டை இருந்ததோ அவனுக்கே அடி விழும்.

இது எந்தச் சட்டத்தாலும் விதிக்கப்பட்டதன்று. ஆசிரியர்களும் பள்ளி நடத்தியோரும் தாமே கையாண்ட முறை. ஆங்கிலம் வந்தால் பிள்ளைகள் பிழைத்துக்கொள்வர் என நம்பிய பெற்றோர் பலரின் இசைவும் அதற்கு இருந்தது. ஆட்சியாளர் ஆணையாக மட்டும் இதனைச் சித்திரிப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது என்பதை மார்ட்டின் ஜோன்ஸ் 2024இல் வெளியிட்ட விரிவான நூல் வலியுறுத்துகிறது.

1847இல் வெளியான கல்வி ஆணைய அறிக்கை இங்குச் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. வெல்ஷ் அறியாத மூன்று ஆங்கிலேய ஆணையர் தயாரித்த அவ்வறிக்கை வெல்ஷ் மொழியை முன்னேற்றத்திற்குத் தடையெனப் பழித்தது. இன்றும் வேல்ஸ் மக்கள் அதனை மனக்கசப்புடனேயே நினைவுகூர்வர். ஆனால் அவ்வறிக்கையே கட்டை முறையைக் கண்டித்தது. கழுத்துக் கட்டையிலிருந்து தப்புவதற்காகப் பிள்ளைகள் உடன்பயில்வோரின் வீடுகளுக்கு மறைவாகச் சென்று, அவர்கள் பெற்றோரிடம் வெல்ஷ் பேசுவதை ஒற்றறிந்து, தம் தண்டனையை அவர்கள்மேல் மாற்றினர் என அது பதிவு செய்துள்ளது. மாணவர் ஆங்கிலப் பாடத்தைத் தடையின்றி உரக்கப் படித்தும், படித்ததன் பொருளை அறியாதிருந்தனர் என்பதும் அவ்வறிக்கையில் அடிக்கடி காணப்படும் செய்தி.

4. கட்டையின் இயக்கம்

மேற்கண்ட இரு செய்திகளும் தற்செயலானவை அல்ல. கட்டை முறையின் உள்ளமைப்பை வலுவூட்டல் கோட்பாட்டின்படி பகுத்தால் அவை எதிர்பார்க்கத்தக்க விளைவுகளே என்பது புலனாகும்.

முதலாவதாக, வெல்ஷ் பேசுதல் என்னும் துலங்கலைக் கட்டை தொடர்ந்தது. இது தண்டனை. இரண்டாவதாக, பிறனைக் காட்டிக்கொடுத்தவனிடமிருந்து கட்டை நீங்கியது. வெறுக்கத்தக்கது நீங்குவதால் ஒரு செயல் பெருகுவது எதிர்மறை வலுவூட்டல் என்பது முன்னரே கூறப்பட்டது. ஆகவே இம்முறையில் உடனடியாகவும் திட்டவட்டமாகவும் வலுவூட்டப்பட்ட செயல், ஒட்டுக்கேட்டலும் காட்டிக்கொடுத்தலுமே. மூன்றாவதாக, ஆங்கிலம் பேசியவனுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. பேசாதிருந்தவனுக்கும் அதே நிலைதான்.

இதன் முடிவு தெளிவானது. ஆங்கிலம் அறியாத ஆறு வயதுக் குழந்தைக்கு, வெல்ஷ் பேசினால் தண்டனை. ஆங்கிலம் பேசவோ இயலாது. வெளிப்படாத துலங்கலை வலுவூட்ட வழியில்லை. அஸ்ரினும் ஹோல்ஸும் சுட்டிய மாற்று வழி இங்கு ஒன்றே: வாய்திறவாமை. தன்னைக் காத்துக்கொள்ள அது மௌனத்தைக் கற்கும். வாய்ப்பு நேர்ந்தால் தோழனைக் காட்டிக்கொடுக்கக் கற்கும். கட்டை ஆங்கிலத்தைக் கற்பிக்கவில்லை.

வெல்ஷையும் அது அகற்றவில்லை. கேட்போர் யார் என்பது எம்மொழி வெளிப்படும் என்பதைத் தீர்மானிக்கிறது என ஸ்கின்னர் 1957இல் எழுதினார். அவர் கொள்கையை மறுப்போரும் இருமொழியாளர் நடத்தையில் இவ்வுண்மையை ஏற்பர். ஆசிரியரும் கட்டை ஏந்தியவனும் இருக்குமிடத்தில் வெல்ஷ் அடங்கியது. வயலிலும் அடுப்பங்கரையிலும் அது தடையின்றி வழங்கிற்று. சிறுவர் மட்டுமன்றி முதியோரும் வெல்ஷ் மொழியில் எழுத்தறிவு பெற ஞாயிற்றுக்கிழமைத் திருச்சபைப் பள்ளிகள் துணை நின்றன. அங்கே வெல்ஷ் வாசித்தவனுக்கு ஊரார் மதிப்புக் கிடைத்தது. ஒருபுறம் தண்டனை, மறுபுறம் வலுவூட்டல் என இரண்டும் எதிர்நின்றபோது வலுவூட்டலே நிலைத்தது.

வெல்ஷ் எழுத்தாளர் ஓ. எம். எட்வர்ட்ஸ் தம் பள்ளிப் பருவத்தில் இக்கட்டையைச் சுமந்ததை 1906இல் வெளியான தம் நினைவுக் கட்டுரைகளில் பதிந்துள்ளார். அவர் அதனைப் பிறருக்கு மாற்றாமல் தாமே சுமந்தார். எதிர்மறை வலுவூட்டல் எல்லாரையும் ஒரே வகையில் இயக்குவதில்லை என்பதற்கு இது சான்று. அவரே 1907இல் வேல்ஸின் தலைமைப் பள்ளி ஆய்வாளரானார்.

5. பிற நாட்டுச் சான்றுகள்

இம்முறை வேல்ஸோடு நிற்கவில்லை. பிரான்சின் பிரித்தானி பகுதியில் பிரெத்தோன் மொழி பேசிய மாணவரிடம் ‘சிம்போல்’ எனப்பட்ட பொருள், சில இடங்களில் பழைய மரச்செருப்பு, கொடுக்கப்பட்டது. அதுவும் கைமாறிச் சென்றது. 1951ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பின்னரே பிரெத்தோன் விருப்பப்பாடமாகப் பள்ளிக்குள் இடம்பெற்றது.

1879இல் ஜப்பானோடு இணைக்கப்பட்ட ரியூக்யூ தீவுகளில், ‘ஹோகென் ஃபுதா’ எனப்பட்ட கிளைமொழிப் பலகை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் பயன்பட்டது. ஜப்பானிய மொழியோடு உறவுடைய தனிமொழிகளைக் கிளைமொழி எனப் பெயரிட்டதே ஒரு தாழ்த்தல் ஆகும். 1940இல் பொதுமொழிப் பரப்புரை அளவுமீறியது என நாட்டுக் கைவினை ஆய்வாளர் யானகி முனேயோஷி கண்டித்தபோது பெரும் விவாதம் எழுந்தது. போருக்குப் பின் அமெரிக்க ஆட்சியில் இருந்த காலத்திலும் இப்பலகை 1960கள் வரை சில பள்ளிகளில் நீடித்தது. தாய்நாட்டோடு மீண்டும் இணைய விரும்பிய உள்ளூர் ஆசிரியர்களே அதனைக் கையாண்டனர் என்பது வேல்ஸ் பெற்றோரின் இசைவோடு ஒப்பிடத்தக்கது. 2009இல் யுனெஸ்கோ வெளியிட்ட அழிநிலை மொழிப் பட்டியலில் ரியூக்யூ மொழிகள் ஆறு இடம்பெற்றன.

கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ 1986இல் வெளியிட்ட நூலில், 1952இல் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டபின் தம் பள்ளியில் நிகழ்ந்ததை விவரிக்கிறார். கிக்குயு பேசியவர்களுக்கு அடி விழுந்தது. இழிசொல் பொறித்த உலோகத் தகடும் மாட்டப்பட்டது. குற்றவாளியைக் கண்டுபிடிக்க ஒரு பொத்தான் கைமாறிச் சென்றது. பிள்ளைகள் தம் இனத்தையே காட்டிக்கொடுக்கப் பயின்றனர் என்பது அவர் கூற்று. 1847ஆம் ஆண்டு அறிக்கைக்கும் இதற்கும் இடையே நூறாண்டுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. நாடு வேறு, மொழி வேறு. விளைவு ஒன்றாகவே இருப்பதற்குக் காரணம் கட்டையின் அமைப்பு ஒன்றாக இருப்பதே.

கூகி மற்றொன்றையும் சுட்டுகிறார். ஆங்கிலத்தில் தேர்ச்சி பெறாதவன் பிற பாடங்களில் எத்துணைச் சிறந்தாலும் மேற்கல்விக்குச் செல்ல இயலவில்லை. ஆங்கிலத்தில் சிறந்தவனுக்கோ பாராட்டும் பரிசும் காத்திருந்தன. இக்குறிப்பு ஆய்வைத் தண்டனையிலிருந்து பரிசின் பக்கம் திருப்புகிறது.

6. மொழியை மாற்றிய வலுவூட்டல்

வேல்ஸின் மக்கள்தொகைக் கணக்கில் மொழி பற்றிய வினா 1891இல் முதன்முறையாகக் கேட்கப்பட்டது. அப்போது வெல்ஷ் அறிந்தோர் ஏறத்தாழ 54 விழுக்காடு. 1901இல் ஏறத்தாழ 50 விழுக்காடு; 1911இல் 43.5 விழுக்காடு. ஆனால் எண்ணிக்கையளவில் 1911இல்தான் வெல்ஷ் பேசுவோர் தொகை உச்சத்தை எட்டியது: 9,77,366 பேர். விழுக்காடு குறைந்ததற்கு நிலக்கரிச் சுரங்கப் பகுதிகளில் ஆங்கிலேயர் குடியேறியதும் ஒரு காரணம். எண்ணிக்கை சரியத் தொடங்கியது அதன்பின்னரே. 1981இல் வெல்ஷ் பேசுவோர் 18.9 விழுக்காட்டினர்.

இங்குக் காலமுறை கருதத்தக்கது. கட்டை மிகுதியாக வழங்கிய 19ஆம் நூற்றாண்டில் மொழி தளரவில்லை. அது பெரும்பாலும் மறைந்தபின் 20ஆம் நூற்றாண்டில் தளர்ந்தது. எனவே கட்டையே மொழியை வீழ்த்தியது என்பதற்கு இடமில்லை. வீழ்த்தியது, ஆங்கிலத்தோடு பிணைக்கப்பட்ட வலுவூட்டல்களின் தொகுதியாகும்.

அதன் முதல் வடிவம் 1862இல் ராபர்ட் லோ கொணர்ந்த திருத்திய கல்வி விதித்தொகுப்பில் காணப்படுகிறது. பள்ளி மானியம் தேர்வு முடிவைப் பொறுத்தது என அது விதித்தது. வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் தேறும் மாணவனுக்கு 8 ஷில்லிங். தவறும் ஒவ்வொரு பாடத்திற்கும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் பிடித்தம். தேர்வு ஆங்கிலத்தில் நடந்தது. வெல்ஷ் மொழிக்கு மானியம் இல்லை. மாணவன் கழுத்திலிருந்த கட்டை இவ்வாறு ஆசிரியரின் வருவாய்க்கு மாறியது எனலாம். வெல்ஷைத் தடைசெய்யும் ஒரு சொல்லும் இன்றியே, வெல்ஷ் கற்பிப்பதால் பயனில்லை என்னும் நிலை உருவாயிற்று. 1885இல் தோன்றிய வெல்ஷ் மொழிச் சங்கத்தின் முயற்சியால் பின்னர் விதிகள் தளர்ந்தன.

இரண்டாவது வடிவம் பள்ளிக்கு வெளியே அமைந்தது. அலுவலகப் பணி, வணிகம், உயர்கல்வி, பின்னர் வானொலி என ஒவ்வொன்றும் ஆங்கிலம் அறிந்தவனுக்குப் பயன் தந்தன. தம் பிள்ளைகளோடு ஆங்கிலத்திலேயே பேசுவதெனப் பெற்றோர் முடிவு செய்தபோது மொழி தலைமுறைத் தொடர்ச்சியை இழந்தது. அடி வாங்கிய தலைமுறை மொழியை விடவில்லை. தன் பிள்ளை அடியும் இகழ்ச்சியும் பெறலாகாது, பரிசு பெறவேண்டும் என விரும்பியபோதுதான் விட்டது. இவ்வகையில் கட்டையின் நினைவும் பரிசின் ஈர்ப்பும் சேர்ந்து இயங்கின எனக் கொள்வது பொருந்தும்.

7. இந்தியச் சூழல்

இந்தியாவில் ஆங்கிலம் பரவிய முறை இக்கருத்துக்கு அரண் செய்கிறது. 1844 அக்டோபரில் தலைமை ஆளுநர் ஹார்டிங் பிறப்பித்த தீர்மானம், அரசு நிறுவிய கல்விக்கூடங்களில் பயின்று சிறந்தோர்க்கு அரசுப் பணியில் முன்னுரிமை வழங்கியது. நடைமுறையில் அது ஆங்கிலம் கற்றோர்க்கு உரிய முன்னுரிமையாயிற்று. பெரிய அளவில் மொழி நடத்தையை மாற்ற அத்தீர்மானத்திற்குக் கட்டை தேவைப்படவில்லை.

எனினும் தாய்மொழியில் பேசினால் அபராதம் விதிக்கும் வழக்கம் ஆங்கிலவழிப் பள்ளிகள் சிலவற்றில் இருந்துவருகிறது. உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. அதே சட்டத்தின் 29ஆம் பிரிவு, இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழியாக இருக்க வேண்டும் என்கிறது. அபராதம் பிரம்பைவிட மென்மையானதாகத் தோன்றலாம். ஆனால் பேசவல்ல மொழியை அடைத்து, பேச இயலாத மொழியில் பேசுமாறு கட்டளையிடும் அமைப்பு மாறவில்லை. கற்க வேண்டிய மொழியில் தயங்கித் தயங்கிப் பேசும் முதல் தொடருக்குக் கிடைக்கும் ஏற்பே அடுத்த தொடரைக் கொணரும். மௌனத்திலிருந்து மொழி பிறவாது.

தமிழகத்தில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் 10ஆம் வகுப்புவரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. 2010ஆம் ஆண்டுச் சட்டம், அரசுப் பணிகளில் நேரடி நியமன இடங்களுள் 20 விழுக்காட்டைத் தமிழ்வழிப் பயின்றோர்க்கு ஒதுக்கியது. பின்னது, 1844ஆம் ஆண்டுத் தீர்மானம் கையாண்ட கருவியையே எதிர்த்திசையில் பயன்படுத்துவதாகும். கட்டாயப் பாடம் வகுப்பறையோடு நிற்கக்கூடியது. பணிவாய்ப்பு வகுப்பறைக்கு வெளியிலும் விளைவை உண்டாக்க வல்லது.

8. முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படும் முடிவுகள் மூன்று. மொழித் தண்டனை, கற்பிக்கக் கருதிய மொழியைக் கற்பிக்கவில்லை. மௌனத்தையும் காட்டிக்கொடுத்தலையும் கற்பித்தது. வீட்டுமொழியை அது தண்டிப்போர் முன்னிலையில் அடக்கியதேயன்றி அழிக்கவில்லை. மொழிப் பெயர்ச்சியை நிகழ்த்தியது, ஒரு மொழிக்கு மட்டும் பயன்களைக் குவித்து மற்றொன்றை வறிதாக்கிய சமூக அமைப்பு.

மூன்றாவது முடிவு மொழிக் காப்பிற்கும் வழிகாட்டுகிறது. ஓ. எம். எட்வர்ட்ஸின் மகன் இவான் ஆப் ஓவன் எட்வர்ட்ஸ் 1939இல் அபரிஸ்ட்வித் நகரில் ஏழு மாணவரோடு முதல் வெல்ஷ்வழித் தொடக்கப்பள்ளியைத் தொடங்கினார். 1967, 1993ஆம் ஆண்டுச் சட்டங்களும், 1982இல் தொடங்கிய வெல்ஷ் தொலைக்காட்சியும், 2011இல் கிடைத்த ஆட்சிமொழித் தகுதியும் வெல்ஷ் பேசுவதற்குப் பயன்களை மீண்டும் உண்டாக்கின. நெடுங்காலச் சரிவு 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் தணிந்தது. 2011இல் 19 விழுக்காடு, 2021இல் 17.8 விழுக்காடு என்னும் கணக்குகள், தணிந்த சரிவு இன்னும் ஏற்றமாக மாறவில்லை என்பதையும் உணர்த்துகின்றன. மொழியைப் பள்ளியில் கற்ற குழந்தைக்கு, கடையிலும் அலுவலகத்திலும் தொழிலிலும் அதே மொழியைப் பேசுவதால் பயன் விளையவேண்டும். அன்றேல் பள்ளி ஊட்டிய வலு பள்ளி வாயிலோடு நின்றுவிடும். பிறமொழி பேசுவோரைத் தண்டித்து ஒரு மொழியை வாழ்விக்க முயல்வோரும், தாய்மொழி பேசுவோரைத் தண்டித்துப் பிறமொழியைப் புகட்ட முயல்வோரும் நாடுவது ஒரே கட்டையைத்தான். அதன் விளைவு எத்தகையது என்பதை 1847ஆம் ஆண்டு அறிக்கையே தெளிவாக எழுதிவைத்துள்ளது.